புதுப் பிராசசருக்குச் சத்தம் போடாத கூலர்

பழைய கம்ப்யூட்டரில் பிராசசரை மட்டும் மாற்றி இன்னும் நாலைந்து வருடம் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்டு ஒரு வரம். 2019-ல் ரைசன் 5 3600 போட்டு வாங்கிய பி450 போர்டில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5700எக்ஸையோ 5800எக்ஸ்3டியையோ உட்கார வைத்துவிடலாம். ஆறு கோர் எட்டாகும். போர்டையும் ரேமையும் தொட வேண்டியதில்லை. ஆனால் 3600 வந்த பெட்டிக்குள் ஒரு கூலர் இருந்தது. இந்த இரண்டின் பெட்டியிலும் கிடையாது. அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிராசசரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசித்தவர், பழைய கூலரையே திரும்ப மாட்டிவிட்டு, கேம் திறந்ததும் மேஜைக்கு அடியில் எழும் இரைச்சலைக் கேட்டுத் திகைக்கிறார்.

பழைய கூலரை மாட்டினால் எதுவும் எரிந்துவிடாது. வெப்பம் பிராசசரைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கு இப்போது காரணம் இல்லை. 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டுக்கும் எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே ஆண்டு வந்த ரைசன் 7000 வரிசையில் முழுச் சுமையில் 95 டிகிரியில் நிற்பது இயல்பு என்று ஏ.எம்.டி.யே சொல்லிவிட்டது. ஆகவே கூலர் வாங்குவது பிராசசரைக் காப்பாற்ற என்பதைவிட, அதன் முழு வேகத்தையும் அனுபவிக்கவும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் காதைக் காப்பாற்றவும்தான். திரையில் தெரியும் டிகிரி எண்ணைக் குறைப்பதிலேயே கண்ணாக இருப்பவர்கள் பெரும்பாலும் சத்தமான கம்ப்யூட்டரோடு வாழ்கிறார்கள்.

முதலில் வாட் கணக்கு. பெட்டியில் '65 வாட்' என்று அச்சிட்டிருப்பதை உண்மையான மின்செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ.எம்.4-ல் 65 வாட் என்று விற்கப்படும் பிராசசர் சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை இழுக்கலாம். 105 வாட் என்று எழுதியிருந்தால் 142 வரை. அடுத்து வந்த ஏ.எம்.5-ல் 170 என்று எழுதியிருப்பது 230 வரை போகும். இன்டெல் இரண்டு எண்களையும் வெளிப்படையாகவே தருகிறது: கோர் ஐ5 12400-க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117, கோர் ஐ9 13900கே-க்கு 125, 253. கூலரைப் பொருத்தவரை பார்க்க வேண்டியது பெரிய எண்ணைத்தான். இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

மேலே சொன்ன இரண்டு பிராசசர்களில் 5700எக்ஸ் 65 வாட் ரகம், 5800எக்ஸ்3டி 105 வாட் ரகம். முன்னதற்கு நாலு ஹீட் பைப்பும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒற்றை டவர் கூலர் தாராளம். பின்னதற்கும் அதுவே சமாளிக்கும். சத்தமும் அடங்க வேண்டுமானால் இரட்டை டவருக்குப் போகலாம். 200 வாட்டைத் தாண்டும் பிராசசரை வைத்து மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர்களின் பாடு வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். கேம் மட்டும் விளையாடுபவர்கள் உச்ச வாட்டைப் பார்த்து மிரள வேண்டாம். கேம் ஓடும்போது 5800எக்ஸ்3டி அந்த 142 வாட்டின் பக்கத்திலேயே போகாது.

இதற்கடுத்து அறையின் வெப்பம். கூலர் காற்றால் குளிர்விப்பதானாலும் தண்ணீரால் குளிர்விப்பதானாலும், அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் கூலரின் திறமை. வெளிநாட்டு விமர்சகர்கள் 20, 22 டிகிரி அறையில் சோதித்துவிட்டு 70 என்று எழுதுவார்கள். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறை 36 டிகிரியில் இருக்கும்போது அதே கூலர், அதே பிராசசர், அதே ஃபேன் வேகத்தில் 84-ஐ ஒட்டி வரும். கூலரில் கோளாறு ஒன்றுமில்லை, 14 டிகிரி அறையிலேயே கூடிவிட்டது. நம் ஊரில் வாங்குபவர்கள் விமர்சகர் சொல்வதைவிட ஒரு படி பெரிய கூலராகப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஏசி அறை என்றால் அந்தப் படி தேவையில்லை.

இனி கூலருக்குள் நடப்பதைப் பார்ப்போம். இது தெரிந்தால் விளம்பரத்தில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது தானாகவே புரியும். 5800எக்ஸ்3டியில் எட்டு கோரும் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறக்குறைய 80 சதுர மி.மீ.தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து கிளம்பும் வெப்பம் மேலிருக்கும் உலோக மூடிக்குப் போய், தெர்மல் பேஸ்ட்டைத் தாண்டி, கூலரின் அடித்தட்டுக்கு வந்து, ஹீட் பைப் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு ஏறி, அங்கே ஃபேன் தள்ளும் காற்றில் கலக்கிறது. 

ஹீட் பைப்பைப் பலர் கெட்டியான தாமிரக் கம்பி என்று நினைக்கிறார்கள். அது உள்ளே வெற்றிடமாக்கி மூடிய தாமிரக் குழாய். கொஞ்சம் தண்ணீர் இருக்கும், உட்சுவரில் நுண்துளைகள் நிறைந்த ஒரு பூச்சு இருக்கும். பிராசசர் பக்கம் சூடேறியதும் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, அந்தப் பூச்சின் வழியே கசிந்து அடிக்குத் திரும்பும். காற்றை வெளியேற்றிவிட்டதால் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. மோட்டார் இல்லை, தேயும் பாகம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் செய்துகாட்டிய கருவி இது. விண்கலங்களுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இப்போது மேஜைக்கடியில் இருக்கிறது. ஏ.எம்.டி. இலவசமாகத் தந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரில் ஹீட் பைப்பே கிடையாது, வெறும் அலுமினியக் கட்டி. அதன் சத்தத்துக்கு அதுவே முக்கியக் காரணம்: வெப்பம் பரவ இடம் குறைவு, அதனால் ஃபேன் வேகமாகச் சுற்றியாக வேண்டும்.

5800எக்ஸ்3டியில் இன்னொரு சிக்கல் உண்டு. கேம் வேகத்துக்காக 64 எம்.பி. கேஷ் நினைவகத்தைப் பிராசசரின் மேல் ஓர் அடுக்காக ஒட்டியிருக்கிறார்கள். கோர்களின் வெப்பம் மேலுள்ள சிலிக்கானையும் கடந்துதான் மூடிக்கு வர வேண்டும். ஆகவே எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் இந்தப் பிராசசர் கொஞ்சம் சூடாகத்தான் காட்டும். இடைஞ்சல் கூலருக்கு முன்பே, பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் ஏ.எம்.டி. கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்து இதைச் சரிசெய்தது. 5800எக்ஸ்3டிக்குப் பெரிய கூலர் வாங்கியும் 'பழையபடி 78 டிகிரிதான் காட்டுகிறது' என்று ஏமாற்றமடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த 78 இப்போது எந்த ஃபேன் வேகத்தில் வருகிறது? முன்பு 2000 சுற்றில் வந்தது இப்போது 900 சுற்றில் வருகிறது என்றால், கொடுத்த காசு வீண்போகவில்லை.

சத்தத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். ஃபேனின் சுற்றைப் பாதியாகக் குறைத்தால் தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்பதால் இது மிகப் பெரிய லாபம். அதே சமயம் காற்று பாதியானதால் குளிர்ச்சி பாதியாகிவிடாது. தகடுகளின் பரப்பு தாராளமாக உள்ள கூலரில் 1500 சுற்றிலிருந்து 900-க்கு இறக்கினால் பிராசசர் சில டிகிரிதான் ஏறும். சின்ன டேபிள் ஃபேன் கத்திக்கொண்டு செய்கிற வேலையைப் பெரிய சீலிங் ஃபேன் நிதானமாகச் செய்வதைப் போலத்தான். பெரிய தகட்டுப் பரப்பு, 120 அல்லது 140 மி.மீ. ஃபேன், குறைந்த சுற்று: அமைதிக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். எனவே ஒன்றை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவது மேல்.

கூலர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிட முடியாது. எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த அறையில் அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

காதை உறுத்துவது சத்தத்தின் அளவு மட்டுமில்லை, அது ஏறி இறங்குவதும்தான். நம் வீடுகளில் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் அடியில் சீராக ஓடும் கூலரின் ஓசை அப்படியே அமுங்கிவிடும். ஆனால் 'ஊ' என்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் ஃபேன் எந்த இரைச்சலுக்கு நடுவிலும் காதில் விழும். ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்தில் குழந்தை தூங்கும்போது வேலை பார்ப்பவர்களுக்கும், மைக் முன்னால் பாடம் எடுப்பவர்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் உண்மையான தொல்லை.

ரைசன் பிராசசர்களில் இது அதிகம். பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், ஒரு கோர் முழு வேகத்துக்குத் தாவும். 42 டிகிரி ஒரே நொடியில் 60-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். மதர்போர்டு அதைப் பார்த்து ஃபேனை விரட்டும், உடனே அடக்கும். அந்த ஒரு நொடி வெப்பத்துக்கு ஃபேனால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. தகடுகள் வரை அது வந்து சேர்ந்திருக்கவே இருக்காது. இதற்கு மருந்து பயாஸில் உள்ள ஃபேன் கர்வ். 65 டிகிரி வரை ஃபேனை ஒரே வேகத்தில், சுமார் 35 சதவீதத்தில், நிறுத்தி வையுங்கள். 65-லிருந்து 80 வரை மெதுவாக 60 சதவீதத்துக்கு ஏறட்டும். 85-ஐத் தாண்டினால் மட்டும் முழு வேகம். கூடவே 'ஸ்டெப் அப் டைம்' மாதிரியான ஒரு பெயரில் தாமதம் வைக்கும் வசதி பல போர்டுகளில் உண்டு. அதைக் கூட்டிவிட்டால் நொடிநேரத் தாவலுக்கெல்லாம் ஃபேன் பதறாது. எண்களை உங்கள் அறைக்கு ஏற்ப ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள். நல்ல கூலரை வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். சாதாரணக் கூலரைக்கூட இது பாதி அமைதியாக்கிவிடும் என்பதால் கடைக்குப் போகும் முன் பழைய கூலரிலேயே இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

ஃபேன் வயரில் நாலு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலாவது கம்பி வழியாகத்தான் போர்டு வேகத்தைத் துல்லியமாக ஆள்கிறது. மூன்று துளை ஃபேனை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் அடக்க முடியும். பயாஸில் அதற்கேற்ப டி.சி. என்று மாற்றாவிட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் அலறும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் இணையக் கடையில் தேடினாலும் பளபளக்கும் விளக்குகளோடு லிக்விட் கூலர் முதலில் கண்ணில் படும். தண்ணீர் என்றாலே அமைதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதிலும் ரேடியேட்டர் மேல் ஃபேன்கள் சுற்றத்தான் செய்கின்றன, போதாததற்கு ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில், காற்றுக் கூலரின் ஃபேன் கிட்டத்தட்ட கேட்காத வேகத்துக்கு இறங்கிவிடும்போது, பம்பின் மெல்லிய ரீங்காரம் மட்டும் மிஞ்சும். வருடங்கள் போகப்போக ரப்பர் குழாய் வழியாக நீர் மிக மெதுவாக ஆவியாகிக் குறையும், குமிழி சேரும். பம்பு கெட்டால் மொத்தக் கூலரையும் தூக்கிப் போட வேண்டியதுதான். காற்றுக் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றே, அதையும் கழற்றி இன்னொரு 120 மி.மீ. ஃபேனை மாட்டிக்கொள்ளலாம்.

லிக்விட் கூலருக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கிறது. 200 வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் ஓடும் பிராசசருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் நல்ல தேர்வு. அத்தனை தண்ணீர் சூடேற நேரம் பிடிப்பதால் ஃபேனையும் நிதானமாக ஓட்டலாம். அப்படி வாங்கினால் பம்பு இருக்கும் பகுதி மொத்த அமைப்பின் உச்சியில் வராதபடி ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்பக்கம் பொருத்துங்கள். பம்பு உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழி அங்கே சேர்ந்து கடகடக்கும். 142 வாட்டுக்குள் இருக்கும் வீட்டுப் பிராசசர் எதற்கும் காற்றுக் கூலரே போதும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

வாங்கும் முன் ஸ்கேல் எடுத்துக் கேபினட்டை அளந்துவிடுங்கள். பெட்டியில் வந்த ரெய்த் ஸ்டெல்த்தின் உயரம் 54 மி.மீ.தான். டீப்கூல் ஏ.கே.400 போன்ற டவர் கூலர் 155 மி.மீ., நொக்டுவாவின் என்.எச். டி15 165 மி.மீ. ஒல்லியான கேபினட்டில் இவை நின்றால் பக்கக் கண்ணாடி மூடாது. கேபினட்டின் விவரக்குறிப்பில் சி.பி.யு. கூலருக்கான அதிகபட்ச உயரம் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். முன்பக்க ஃபேன் ரேம் மேல் வந்து உட்காரும் கூலர்களில் ரேமின் உயரத்தையும் பார்க்க வேண்டும். இன்டெல்காரர்கள் கவனிக்க: 12-ஆம் தலைமுறைக்கு வந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 75-லிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது. பழைய கூலருக்குப் புதிய பிராக்கெட் தேவை. ஏ.எம்.4 கூலர்கள் பெரும்பாலும் ஏ.எம்.5-லும் அப்படியே பொருந்தும்.

கேபினட்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய ஓரத்தில் ஒரு கோடு என்று இருந்தால் எந்தக் கூலரும் உள்ளிருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றித் தள்ளும். கிராஃபிக்ஸ் கார்டு வெளியேற்றும் வெப்பமும் அதில் சேரும். பக்கக் கதவைக் கழற்றி வைத்து அதே கேமைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால், புதுக் கூலருக்கு முன் கேபினட்டின் முன்பக்கத்துக்கு ஒரு ஃபேன் வாங்குவதே சரி.

கூலரை மாற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் கை நடுங்காமல் நிதானமாக இருக்க வேண்டும், அதுவும் ஏ.எம்.4-ல். இந்தப் பிராசசரின் அடியில் தலைமுடி மாதிரி 1331 ஊசிகள் உண்டு. சாக்கெட் அவற்றை ஒரு சின்னக் கொக்கியால்தான் பிடித்திருக்கிறது. பல வருடம் ஆன பேஸ்ட் இறுகிப் பசையாகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சில ஊசிகள் வளைந்துவிடும். அதனால் முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையில் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, திருகுகளைக் குறுக்கு மூலையாகத் தளர்த்துங்கள். கூலரை மூடி திறப்பது போல இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். பேஸ்ட்டின் பிடி விடுவது கைக்குத் தெரியும். அதன் பிறகுதான் தூக்க வேண்டும். திருகு நாலையும் கழற்றியதும் போர்டின் பின்னாலுள்ள உலோகத் தகடு விழுந்துவிடும், ஒரு கை அங்கே இருக்கட்டும்; புதுக் கூலரில் பலதும் அதே தகட்டில்தான் திருகப்படும். பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும் என்பதை இங்கே ஒருமுறை நினைவுபடுத்துகிறேன்.

பேஸ்ட் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, கூலரை நேராக இறக்கிக் குறுக்கு மூலையாகத் திருகுங்கள். கூடவே வந்த பேஸ்ட்டுக்கும் விலை உயர்ந்த பேஸ்ட்டுக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது மட்டும் உண்மையிலேயே கெடுதல்.

காசில்லாமல் கிடைக்கும் அமைதி ஒன்று இருக்கிறது. 142 வாட் வரை போகும் ரைசனைப் பயாஸில் ஈகோ மோடுக்கு மாற்றினால் 88 வாட்டில் நிற்கும். எல்லாக் கோரும் முழுமூச்சில் ஓடும் வேலையில் வேகம் ஓரளவு குறையும். கேமிலும் அன்றாட வேலையிலும் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. வெளியேற்ற வேண்டிய வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால் ஒற்றை டவர் கூலரே மெதுவான வேகத்தில் தாங்கும். கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். கோடை மூன்று மாதம் மட்டும் இதை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் எடுத்துவிடுவதிலும் தவறில்லை.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் உங்கள் வழக்கமான வேலையை ஓட்டிவிட்டு, டிகிரியையும் ஃபேன் சுற்றையும் ஒரு தாளில் குறித்துக் கேபினட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். அன்றைய அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலையில் சுற்று கூடியிருந்தால் தகடுகளுக்குள் தூசி அடைத்துவிட்டது என்று பொருள். புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் தேய்ந்து, இதுவரை இல்லாத கரகரப்பு ஒன்று வந்து சேரும்.